சத்துமாவு சாப்பிட்டது யார்?

தராசில் தொங்கியபடி என் அக்கா மகள் ஊரையே கூட்டிக்கொண்டிருந்தாள்.

இடம், திருமுல்லைவாயலுக்கும் ஆவடிக்கும் நடுவில் ஓர் அங்கன்வாடி. சுவரில் அணில், ஆடு, இலை. மூலையில் ஒரு பெரிய குக்கர். நான் அங்கே போனது தற்செயல். அக்காவுக்கு முழங்கால் வலி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆள் வேண்டும், எனக்கு அன்றைக்கு வேலை இல்லை. (‘பத்திரிகைக்கு எழுதறவனுக்கு என்னிக்குடா வேலை இருந்திருக்கு?’ என்பாள் அக்கா. அதை விடுங்கள்.)

பாப்பாவுக்கு ஒரு வயசும் நாலு மாசமும். எடை 7 கிலோ 600. டீச்சர் உதட்டைப் பிதுக்கினார். அடுத்து ஒரு டேப்பை எடுத்தார். தையல்காரர் டேப் இல்லை. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று சிக்னல் விளக்கு மாதிரி மூன்று கலர். இடது கையின் மேல் பாகத்தில் சுற்றி இழுத்தார். 12.1 சென்டிமீட்டர்.

மஞ்சள்.

‘எங்க குடும்பமே மெலிஞ்ச வாகுதான் டீச்சர். இதோ, இவனைப் பாருங்க...’ என்று அக்கா என்னைக் காட்டினாள். டீச்சர் என்னைப் பார்த்தார். சமீப காலமாக எனக்குத் தொப்பை. அந்த வாதம் அங்கேயே செத்தது.

‘வாகு எல்லாம் இல்லம்மா. பன்னெண்டரைக்கு மேல இருந்தா பச்சை. பதினொண்ணரைக்குக் கீழே போனா சிவப்பு, ஆஸ்பத்திரி. நடுவுல இருக்கிறது மஞ்சள். சிவப்புக் குழந்தைக்கு எல்லாரும் ஓடி வருவாங்க. மஞ்சள் குழந்தை சிரிச்சிக்கிட்டு விளையாடும், யாரும் கண்டுக்க மாட்டாங்க. அதான் தொல்லை.’

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி என்று பிறகு படித்தபோதுதான் தெரிந்தது. உயரத்துக்கு ஏற்ற எடை இல்லாமல் நடுத்தரமாக மெலிந்த குழந்தை, நல்ல போஷாக்கோடு இருக்கிற குழந்தையைவிட சுமார் மூன்று மடங்கு ஆபத்தில் இருக்கிறது. சாதாரணக் காய்ச்சல், சாதாரண வயிற்றுப்போக்கு, அதற்குத் தாங்காது. இது ஏதோ எங்கள் தெருவின் பிரச்னையும் இல்லை. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 14.6 சதவீதம் பேர் உயரத்துக்கு எடை இல்லாதவர்கள். அதில் ரொம்ப மோசம் 5.5 சதவீதம். மீதி ஒன்பது சதவீதம் நம்ம மஞ்சள் கோஷ்டி. பத்துக் குழந்தைகளுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் காம்பவுண்டில் எத்தனை குழந்தைகள்?

வீட்டுக்கு வந்ததும் உணவு ஆலோசனைக் கூட்டம் கூடியது. அம்மா, கேழ்வரகுக் கூழ் என்றாள். மாடி வீட்டு மாமி, நேந்திரங்காய்ப் பொடி. அக்கா வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஜெனரல் ஷிஃப்ட். சாயங்காலம் வரும்போதே கையில் ஒரு டப்பா. டி.வி. விளம்பரத்தில் ஒரு பையன் குடித்துவிட்டு மளமளவென்று வளர்வானே, அந்த ஜாதி டப்பா. விலையைக் கேட்டு அம்மா நெஞ்சில் கை வைத்தாள்.

நான் பி.காம். எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். கணக்கு எழுதுவது. இந்தக் குழந்தைகளுக்கு உலகத்தில் என்னென்ன கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், எதற்கு என்ன பலன் என்று தோண்ட ஆரம்பித்தேன்.

முதலில் அகப்பட்டது நம்ம ஊர் வேர்க்கடலை!

1996-ல் பிரான்சில் ஆந்த்ரே பிரியாண்ட் என்ற குழந்தை டாக்டரும், நியூட்ரிசெட் கம்பெனியைச் சேர்ந்த மிஷேல் லெஸ்கான் என்பவரும் சேர்ந்து ஒரு விழுது செய்தார்கள். வேர்க்கடலை விழுது, பால் பவுடர், எண்ணெய், சர்க்கரை, வைட்டமின்கள். பெயர் ‘ப்ளம்பி நட்’. ரொட்டியில் தடவும் சாக்லேட் பாட்டிலைப் பார்த்ததும் டாக்டருக்கு யோசனை உதித்தது என்று சொல்வார்கள். 92 கிராம் பாக்கெட், 500 கலோரி. அடுப்பு வேண்டாம், தண்ணீர் வேண்டாம். மூலையைக் கிழித்துக் குழந்தையின் கையில் கொடுத்தால் அதுவே பிதுக்கிச் சப்பிச் சாப்பிடும். தண்ணீர் சேராததால் கிருமி வளரவும் வழி இல்லை. ஆப்பிரிக்கப் பஞ்சங்களில் சிவப்பு டேப் குழந்தைகளைக் காப்பாற்றிய பாக்கெட் இது. மஞ்சள் டேப் குழந்தைகளுக்கென்று இதற்கு ஒரு தம்பி பாக்கெட்டும் பிற்பாடு வந்தது.

இந்தப் பக்கம் பழைய சாம்பியன், மாவு. சோளமும் சோயாவும் கலந்து, வைட்டமின் சேர்த்து, கஞ்சி காய்ச்சிக் கொடுப்பது. அறுபதுகளில் இங்கே பள்ளிக்கூடம் போன பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ‘கேர்’ நிறுவனம் கொடுத்த அமெரிக்கக் கோதுமை ரவை உப்புமாவைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். அதே குடும்பத்து உணவுதான் இதுவும்.

விழுதா, மாவா? பந்தயம் கட்டியவர்கள் பலர். 2013-ல் ‘காக்ரேன்’ என்ற அமைப்பு, அதுவரை உலகத்தில் ஒழுங்காக நடந்த எட்டு ஆய்வுகளை எடுத்துக்கொண்டு, பத்தாயிரம் குழந்தைகளின் கணக்கை அலசியது. மாவு கொடுத்த இடத்தில் நூறு குழந்தை தேறினால், விழுது கொடுத்த இடத்தில் நூற்றுப்பத்து. விழுது ஜெயித்தது, ஆனால் ஒரு லெங்த்தில்தான். இறப்பிலோ, சிவப்புக்குச் சரிவதிலோ வித்தியாசம் தெரியவில்லை.

அதற்குள் மாவுக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. மாவில் பால் பவுடர், எண்ணெய், சர்க்கரை எல்லாம் கூட்டி மெருகேற்றினார்கள். ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டில் சுமார் 2,700 குழந்தைகளை வைத்து நடத்திய போட்டியின் முடிவு 2012-ல் வந்தது. புது மாவு கொடுத்ததில் நூற்றுக்கு 86 பேர் தேறினார்கள். இரண்டு வகைக் கடலை விழுது கொடுத்ததில் நூற்றுக்கு 88. போட்டோ ஃபினிஷ்!

சரி, இதெல்லாம் அங்கே. இங்கே? அந்த 2013 அலசலில் ஒரு வரி என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. இந்த மாதிரிக் குழந்தைகள் அதிகம் இருப்பது ஆசியாவில். ஆனால் அலசலுக்குத் தகுதியான ஓர் ஆய்வுகூட ஆசியாவிலிருந்து கிடைக்கவில்லை. வீட்டுச் சாப்பாட்டையே கொஞ்சம் சீர்படுத்திக் கொடுத்தால் என்ன ஆகும் என்றும் அந்த எட்டில் யாரும் பார்க்கவில்லை. மாமியாரின் ரெசிபியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ருசி பார்த்துவிட்டு, சமையல் போட்டிக்குத் தீர்ப்பு சொன்ன மாதிரி!

அந்தக் குறையைக் கொஞ்சம் தீர்த்த ஆய்வு பிறகு ஒன்று வந்தது. 2016-ல் வெளியானது. டெல்லி, ராஜஸ்தான், அப்புறம் நம்ம வேலூர் என மூன்று இடங்கள், 906 குழந்தைகள். இவர்கள் மஞ்சள் இல்லை, சிவப்பு. ஆனாலும் நம் மண்ணில் நடந்தது என்பதால் சொல்கிறேன். ஒரு பிரிவுக்குக் கம்பெனி விழுது. இன்னொரு பிரிவுக்கு இங்கேயே தயாரித்த விழுது. மூன்றாவது பிரிவுக்குப் பொருள்களைக் கொடுத்து, சொல்லியும் கொடுத்து, சத்தைக் கூட்டிய வீட்டுச் சமையல். நூற்றுக்கு எத்தனை பேர் தேறினார்கள்? உள்ளூர் விழுது 57. கம்பெனி விழுது 48-க்குப் பக்கம். வீட்டுச் சாப்பாடு 43.

‘பார்த்தியா, பாக்கெட்தான் ஜெயிச்சுது’ என்று அத்தான் துள்ளினார். இருங்கள் என்றேன். உணவை நிறுத்தி நாலு மாசம் கழித்து அதே குழந்தைகளை மறுபடி பார்த்திருக்கிறார்கள். தேறி நின்றவர்களின் எண்ணிக்கை மூன்று பிரிவிலும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது! பாக்கெட் வேகமாக ஏற்றியது, வாஸ்தவம். ஏறிய எடையை அப்புறம் கட்டிக் காத்திருக்க வேண்டியது வீட்டுச் சட்டி. காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் எந்தப் பிரிவையும் விட்டு வைக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறார்கள்.

எப்படியானாலும் அந்த விழுது எங்கள் பாப்பாவுக்குக் கிடைக்கப் போவதில்லை. 2009-ல் யுனிசெஃப் வட மாநிலங்களில் அதைக் கொடுக்க ஆரம்பித்தபோது மத்திய அரசு நிறுத்தச் சொன்னது. வெளிநாட்டு பாக்கெட்டுக்குப் பழகினால் வீட்டுச் சாப்பாடும் தாய்ப்பாலும் போச்சு என்பது ஒரு கட்சி. சாகிற குழந்தைக்கு என்ன சார் உள்நாடு வெளிநாடு என்பது இன்னொரு கட்சி. இரண்டு கட்சியிலும் பெரிய டாக்டர்கள். தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டத்தில் சிவப்புக் குழந்தைகளுக்கு இந்த வகை உணவு உண்டு. எங்களுடையது மஞ்சள். எங்களுக்குச் சத்துமாவுதான்.

சத்துமாவு என்றதும் அக்கா முகத்தில் ஒரு மாற்றம். ‘அதெல்லாம் கொடுக்கறாங்க... பாப்பா சாப்பிட மாட்டேங்கறா.’

‘அப்போ பாக்கெட் எங்கே?’

பதில் இல்லை. அம்மா சட்டென்று எழுந்து அடுக்களைக்குள் போனாள். எழுத்தாளன் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. துப்பறிந்தேன்.

முதல் வாரம் அம்மா அதில் புட்டு செய்திருக்கிறாள். வெல்லம் சேர்ந்த மாவாச்சே, வாசனை தூக்கியிருக்கிறது. அத்தான் இரண்டு தட்டு. நான் ஒரு தட்டு. (ஆமாம், நானும்தான். ‘ஏதோ புதுசா இருக்கே’ என்று பாராட்டியும் இருக்கிறேன்.) மீதியை அடையாகத் தட்டியதில் மாமிக்கு இரண்டு. அப்புறமும் மிஞ்சிய பாக்கெட் பின் தெருப் பாட்டி வீட்டுக்குப் போயிருக்கிறது. பாட்டியிடம் ஒரு கறவை மாடு. சொன்னால் நம்ப மாட்டீர்கள், எங்கள் ஏரியாவிலேயே அந்த மாட்டுக்குத்தான் உடம்பு பளபளவென்று இருக்கும்.

கணக்கைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஆறு மாசத்திலிருந்து ஆறு வயசு வரை ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்கு 500 கலோரியும் 12 முதல் 15 கிராம் புரோட்டீனும் துணை உணவாகப் போய்ச் சேர வேண்டும் என்று 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். கோதுமை, முளைகட்டிய கேழ்வரகு, பருப்பு மாவு, வெல்லம், மேலே வைட்டமின், இரும்புச்சத்து எல்லாம் போட்டு, அரசாங்கம் செலவு பண்ணி, வீட்டு வாசலுக்கு வருகிறது. வாசலுக்கு இந்தப் பக்கம் நாம் பார்த்துக்கொள்கிறோம்!

இந்த விஷயத்தை நாற்பது வருஷம் முன்பே தமிழ்நாட்டில் ஒரு கோஷ்டி யோசித்திருந்தது. 1980-ல் உலக வங்கிக் கடனோடு ‘தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம்’ என்று ஒன்று மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டியில் ஆரம்பித்தது. பிறகு ஆறு மாவட்டங்களுக்குப் போனது. அதில் ஒன்று செங்கல்பட்டு. நம்ம அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எல்லாம் அன்றைக்குச் செங்கல்பட்டு மாவட்டம்தான். திருவள்ளூர் மாவட்டம் பிறந்ததே 1997-ல். கிராமங்களுக்கான திட்டம் அது.

ஆறு மாசம் முதல் மூன்று வயசு வரை எல்லாக் குழந்தைக்கும் மாசா மாசம் எடை. எடை ஏறினால் சந்தோஷம், வீட்டுக்குப் போ. ஏறாமல் நின்றால், அன்றிலிருந்து 90 நாள் தினமும் லட்டு. சத்துருண்டை. உள்ளூர்ப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து உருட்டியது. இதில் சூட்சுமம் என்னவென்றால், லட்டு வீட்டுக்குப் போகாது. குழந்தை மையத்துக்கு வந்து, அங்கேயே உட்கார்ந்து, கண்ணெதிரே தின்ன வேண்டும். அண்ணனுக்குப் பாதி, மாட்டுக்குப் பாதி என்ற பேச்சே இல்லை. எடை ஏறியதும் லட்டு கட்.

கடுமையான மெலிவு அதில் நன்றாகவே குறைந்தது. நம்ம மஞ்சள் கோஷ்டிதான் அந்த அளவுக்கு இறங்கிக் கொடுக்கவில்லை. எனக்கென்னவோ அந்த லட்டு முறை பிடித்திருக்கிறது. கூலி வேலைக்குப் போகிற அம்மா தினமும் குழந்தையை மையத்துக்குத் தூக்கி வருவது லேசு இல்லை என்பதும் தெரிகிறது. அம்பத்தூர் எஸ்டேட் பின்னால் ஒரிஸ்ஸா, பீகார் குடும்பங்கள் தங்கியிருக்கிற லைன் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். காலையில் இரண்டு பேரும் வேலைக்குப் போக, எட்டு வயசு அக்காதான் தம்பிக்குப் பிஸ்கட்டை டீயில் நனைத்து ஊட்டிக்கொண்டிருக்கும். அதை யார் மையத்துக்குத் தூக்கிப் போவது?

மாட்டு விவகாரத்துக்கு வருவோம். அக்கா மேல் பழி போட எனக்கு வாய் வரவில்லை. காரணம், அவள் கஞ்சி காய்ச்சியதை நானே கூட நின்று பார்த்தேன். இரண்டு ஸ்பூன் மாவு. அதாவது சுமார் 20 கிராம். ஒரு டம்ளர் தண்ணீர். ‘கட்டியா இருந்தா தொண்டையில நிக்கும்டா, பயமா இருக்கு’ என்று இன்னும் கொஞ்சம் தண்ணீர். பாப்பா அரை டம்ளர் குடித்ததும் தலையைத் திருப்பிக்கொண்டாள். திணித்துப் பார்த்தாள். துப்பினாள். ‘பார்த்தியா, பிடிக்கல.’

பேப்பரை எடுத்தேன். சத்துமாவு 100 கிராமுக்கு முந்நூற்று எழுபது, எண்பது கலோரி. 20 கிராமுக்கு 75. சின்னக் குழந்தையின் வயிறு கிலோவுக்கு 30 கிராம்தான் கொள்ளும். 7.6-ஐ 30-ஆல் பெருக்கினால் 228. ஒரு டம்ளர் உள்ளே போனால் வயிறு ஹவுஸ் ஃபுல். தாய்ப்பால் போக இந்த வயசுக்கு வெளியிலிருந்து தேவை ஒரு நாளைக்கு 550 கலோரி. மூன்று டம்ளர் முழுசாகக் குடித்தாலே 225! பாதிகூட இல்லை. குழந்தைக்கு வயிறு நிறைந்துவிட்டது, உடம்பு பட்டினி. அழுவதும் இல்லை. நமக்கு எப்படித் தெரியும்?

அதே மாவில் 50 கிராம் எடுத்து, 150 மில்லி தண்ணீரில் கரண்டியில் நிற்கிற பதத்தில் கிண்டி, ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டால்? 190-ம் 45-ம், ஆக 235 கலோரி. மூன்று கிண்ணத்தில் வேலை முடிந்தது. டப்பாவும் வேண்டாம், பிரான்சும் வேண்டாம். வித்தியாசம் தண்ணீரில் இருக்கிறது! கடலை விழுது ஜெயிப்பதன் ரகசியமும் பாதி அதுதான். அதில் தண்ணீர் ஊற்றிப் பெருக்க யாராலும் முடியாது.

கெட்டியாக இருந்தால் விழுங்காதே என்ற பயத்துக்கும் மருந்து மாவிலேயே இருக்கிறது. முளைகட்டிய தானியத்தில் அமிலேஸ் என்று ஒரு நொதி. மாவுச்சத்தை உடைத்து இளக்கிவிடும். முளைகட்டிக் காயவைத்து அரைத்த கேழ்வரகு மாவு ஒரு சின்ன ஸ்பூன் எடுத்து, கெட்டிக் கஞ்சியை இறக்கிச் சூடு கொஞ்சம் தணிந்ததும் கலந்து பாருங்கள். இரண்டு நிமிஷத்தில் கஞ்சி இளகி வழியும். சத்து அப்படியே இருக்கும். மறுபடி ஒரு கொதி விட்டு இறக்கி ஆறவைத்துக் கொடுக்கலாம். பரோடாவில் தாரா கோபால்தாஸ் என்ற ஊட்டச்சத்துப் பேராசிரியர் எண்பதுகளிலேயே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். ‘இதைத்தான் எங்க பாட்டி பொடின்னு வச்சிருந்தா. நீங்கதான் டப்பா வாங்கக் கிளம்பிட்டீங்க’ என்றாள்.

டப்பாவையும் விட்டு வைக்கவில்லை. பின்பக்கம் படித்தேன். ஒரு வேளைக்கு 20 கிராம் போடச் சொல்கிறது. ஏறக்குறைய 75 கலோரி. சத்துமாவும் அதேதான், சும்மா கிடைப்பது! 2024 ஏப்ரலில் மத்திய அரசு, இந்த மாதிரி பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற தலைப்பில் இணையக் கடைகள் விற்கக் கூடாது என்று சொன்னதையும் அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். ‘வாங்கியாச்சு, இனிமே என்ன பண்றது?’ என்றார். இப்போது தினமும் காலையில் அவரே குடிக்கிறார். வளர்கிறார், பக்கவாட்டில்.

சத்துமாவு தீர்ந்த நாளில் என்ன செய்வது? ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு கலவை சொல்கிறது. (அந்த நிறுவனம் 1918-ல் பிறந்தது நம்ம குன்னூரில். 1958-ல்தான் ஐதராபாத் போனது. சும்மா தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.) வறுத்த கோதுமை 40 கிராம், வறுத்த கடலை 16, வறுத்த வேர்க்கடலை 10, வெல்லம் 20. எல்லாம் பொடித்துக் கலந்தால் 86 கிராம். 330 கலோரி, 11 கிராமுக்கு மேல் புரோட்டீன். மளிகைக் கடை விலைக்குக் கணக்குப் போட்டேன், பத்து ரூபாய்க்குள் அடங்குகிறது. வேர்க்கடலையில் பூசணம் பிடித்தது, சுருங்கிக் கறுத்தது எதுவும் சேரக் கூடாது. அதில் அஃப்ளாடாக்சின் என்ற விஷம் இருக்கும், வறுத்தாலும் முழுசாகப் போகாது. நைசாகப் பொடிக்க வேண்டும். முழுக் கடலை குழந்தையின் மூச்சுக்குழாயில் சிக்கினால் ஆபத்து.

ஆறு மாசம் ஆகாத குழந்தைக்கு இது எதுவும் கிடையாது, தாய்ப்பால் மட்டும். டேப் சிவப்பைத் தொட்டாலோ, இரண்டு பாதமும் வீங்கினாலோ, குழந்தை சோர்ந்து எதையும் வாங்காவிட்டாலோ வீட்டில் கிண்டிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். மஞ்சளிலும் எல்லாம் ஒரே மஞ்சள் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2023-ல் புது வழிகாட்டி போட்டது. சத்தான வீட்டு உணவு எல்லா மஞ்சள் குழந்தைக்கும் வேண்டும். இரண்டு வயசுக்குள் இருப்பது, 12 சென்டிமீட்டருக்கும் கீழே போனது போன்ற கூடுதல் ஆபத்துள்ள குழந்தைகளுக்கு மேற்கொண்டு சிறப்பு உணவையும் யோசிக்க வேண்டும் என்கிறது. விழுது கிடைத்தால் முதலில் அது. இல்லையா, எண்ணெய், சர்க்கரை, பால் சேர்த்த சத்து மாவு. சுற்றிச் சுற்றி எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்.

இனி ஆபீஸ் போகிற நண்பர்களுக்குக் கொஞ்சம். காலையில் ஆவடி லோக்கலில் தொங்கிக்கொண்டு போய், ராத்திரி குழந்தை தூங்கப் போகிற நேரத்துக்கு வந்து சேர்கிறவர்களுக்கு. வரும்போது கையில் என்ன வாங்கி வருகிறீர்கள்? எங்கள் அத்தான் தினமும் ஸ்டேஷன் வாசல் கடையில் பத்து ரூபாய்க்கு ஒரு மொறுமொறு பாக்கெட். பாப்பா அதற்காகவே வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஆறரை மணிக்கு அதைக் கொறித்துவிட்டு ஏழரைக்கு வாயை இறுக்க மூடிக்கொள்வாள். அக்கா அரை மணி நேரம் மல்லுக்கட்டுவாள். ‘சாப்பிடவே மாட்டேங்கறாங்க’ என்று புகார் வரும். புகாரை வாங்கிக்கொள்கிறவர் பாக்கெட் வாங்கி வந்தவரேதான்!

‘பாசமா வாங்கிட்டு வர்றேன், இதிலும் தப்பா?’ என்று அவருக்குக் கோபம். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அக்கா ஒரு வேலை செய்தாள். கிண்ணத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, ‘எனக்கு முழங்கால் வலிக்குது’ என்று போய்ப் படுத்துவிட்டாள். அவர் பாவம், கெட்டிக் கஞ்சியையும் ஸ்பூனையும் வைத்துக்கொண்டு விழித்தார். பிறகு ஸ்பூனை லோக்கல் ரயிலாக்கினார். பட்டாபிராம், இந்துக் கல்லூரி, ஆவடி, அண்ணனூர், திருமுல்லைவாயல், அம்பத்தூர் என்று ஸ்டேஷனுக்கு ஒரு வாய். கொரட்டூரில் சிக்னல் கிடைக்காமல் ரயில் நின்றது. வில்லிவாக்கத்தில் கிண்ணம் காலி!

அன்றிலிருந்து ராத்திரிக் கிண்ணம் அவர் இலாகா. பாக்கெட்டுக்குப் பதில் அதே காசில் முட்டை. சத்துமாவில் புட்டு செய்வது வீட்டில் தடை செய்யப்பட்டது. (எனக்கு வருத்தம்தான்.) காலை, பகல், சாயங்காலம், ராத்திரி நாலு கிண்ணம், நடுவில் ஒரு பழம். கிண்ணத்தில் என்ன இருந்தாலும், சாதம் பருப்பானாலும், ஒரு டீஸ்பூன் எண்ணெயோ நெய்யோ. கேலண்டரில் அக்கா டிக் போட்டாள். எனக்கு என் பழைய அக்கவுண்டன்சி லெட்ஜர் ஞாபகம் வந்தது. இரண்டாம் மாசம் பாப்பாவுக்குக் காய்ச்சல், ஐந்து நாள் எல்லா டிக்கும் பெருக்கல் குறியாக மாறியது. எடை 200 கிராம் இறங்கியது. அம்மா திருஷ்டி கழித்தாள். காய்ச்சல் விட்டபிறகு இரண்டு வாரம் கூடுதலாக ஒரு கிண்ணம் போட்டு விட்டதைப் பிடித்தோம்.

மூன்றாம் மாசம் மறுபடி அங்கன்வாடி. பாப்பா இந்தத் தடவை தராசில் அழவில்லை, டீச்சரின் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கினாள். டீச்சர் டேப்பைச் சுற்றினார். அக்கா, நான், லீவு போட்டுவிட்டு வந்திருந்த அத்தான், மூன்று பேரும் குனிந்து பார்த்தோம்.

12.4.

‘இன்னும் மஞ்சள்தாம்மா. ஒரு நூல்தான் பாக்கி’ என்றார் டீச்சர், செல்போனில் பதிவு பண்ணிக்கொண்டே. ‘விட்டுடாதீங்க. அடுத்த மாசம் பார்க்கலாம்.’ இரண்டு பாக்கெட் சத்துமாவைக் கொடுத்தார். அத்தான் அதை ஆபீஸ் பையில் பத்திரமாக வைத்து ஜிப் போட்டுக்கொண்டார்.

வரும் வழியில் பின் தெருப் பாட்டி மறித்தார். ‘ஏம்ப்பா, இப்பல்லாம் அந்த மாவு தர்றதில்லையா? மாடு பாலைக் குறைச்சிடுச்சே!’